மிஷினுக்கு மூளை மாற்றிய இருபது நாள்

அக்டோபர் 4, புதன்

ரப்பர் ஷீட் சப்ளை செய்கிறவர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் பெயர், முகவரி எழுதக் கோடு போட்டிருக்கிறது. எழுதிவிட்டேன்: ப. பால்ச்சாமி, சாமி ரப்பர் ஸ்டாம்ப்ஸ், பத்திர ஆபீஸ் எதிரில், அருப்புக்கோட்டை. அதற்கு மேல் எழுத எனக்கு என்ன இருக்கிறது என்று ஒன்பது மாதமாகப் போட்டு வைத்திருந்தேன். இன்றைக்கு எடுக்க வைத்தது தூத்துக்குடி அந்தோணி.

"எந்த வயர எங்க புடுங்குனிய, எங்க சொருகுனியன்னு தேதி போட்டு எழுதி வையுங்க அண்ணாச்சி. இல்லன்னா மூணாம் நாளு முழி பிதுங்கிரும்" என்றார் போனில். அவர் ஷீல்டு, கோப்பை எல்லாம் செய்கிறவர். வாட்ஸ்அப் குரூப்பில் பழக்கம். ஒன்பது வருஷமாக என்னிடம் இருக்கிற அதே சீனா லேசர் மிஷின்தான் அவரிடமும். இருப்பதிலேயே மலிவான மாடல்.

பிரச்சினை இதுதான். மிஷினோடு ஒரு டாங்கிள் வந்தது. பென் டிரைவ் மாதிரி, கட்டைவிரல் நீளம். அதைக் கம்ப்யூட்டரில் சொருகினால்தான் மிஷின் பேச்சைக் கேட்கும். சொருகாவிட்டால் வெறும் தகரப் பெட்டி. அந்த டாங்கிளைக் காணோம். மூன்று நாளாகக் கடையைப் புரட்டிப் போட்டுவிட்டேன். மாரிதான் கொண்டு போயிருக்க வேண்டும்.

மாரி என்றால் என் மனைவி சந்தனமாரி. ஞாயிற்றுக்கிழமை பரமக்குடிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். அத்தைக்கு முழங்கால் வலி. நாலு நாளில் வந்துவிடுவாள்.

"போன் போட்டு மதினிகிட்ட கேட்டா முடிஞ்சு போச்சு" என்றார் அந்தோணி. கேட்க மாட்டேன். எடுத்துக்கொண்டு போனவள்தான் சொல்ல வேண்டும்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க. உள்ள இருக்க சீனா போர்டக் கழத்தி வீசுங்க. வேற சின்ன போர்டு மாட்டி, ஓப்பன் சோர்ஸ் ஏத்திருவோம். மிஷினுக்கு மூளை மாத்துத மாதிரி. டாங்கிள் கீங்கிள் ஒண்ணும் வேண்டாம். அந்த சாஃப்ட்வேர யாரோ நாலு பேரு வருசக்கணக்கா எழுதி ஊருக்கே சும்மா குடுத்திருக்கானுவ."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வருஷக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு, ஒருத்தனும் ஒன்றும் கேட்காமல் இருப்பானா? உலகத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்?

அக்டோபர் 5, வியாழன்

போர்டு ஆர்டர் போட்டாச்சு. மாரி போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை.

அக்டோபர் 7, சனி

பூக்கார இருளாயி வந்து கூடையோடு நின்றாள். "மதினி இன்னும் வரலையாண்ணே? சாமிக்குப் பூ?" என்றாள். கடையில் சாமி மாடத்துக்குப் பூப்போட்டு விளக்கேற்றுவது மாரி வேலை. காலையில் வந்ததும் அதைச் செய்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரையே தொடுவாள். அவள் வருகிற வரைக்கும் பூ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாடத்துப் பக்கம் நான் போவதே இல்லை. சாமி என்ன, கோவித்துக்கொண்டு பரமக்குடிக்கா போகப்போகிறது.

நாலு நாள் என்றவள் ஆறு நாளாக வரவில்லை. முழங்கால் வலி கூடிவிட்டது போலிருக்கிறது.

அக்டோபர் 9, திங்கள்

போர்டு வந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லை. இதுவா மூளை என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பின்பக்கத் தகட்டைத் திறந்து பழைய போர்டில் இருந்த வயரை எல்லாம் உருவினேன். உருவுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் அந்தோணி. உருவிய பிறகுதான் ஞாபகம் வந்தது. கையில் ஒரு கொத்து வயர், அதில் இரண்டு ஒரே நிறம். முழங்கை வரை வியர்வை ஒழுக அரைமணி நேரம் அப்படியே நின்றேன்.

அந்த நேரம் பார்த்து வி.ஏ.ஓ. வந்தார். முத்திரை தேய்ந்துவிட்டதாம், ஆயுத பூஜைக்குள் புதிது வேண்டுமாம். இரண்டே நாளில் தருகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற காலி நாற்காலியைப் பார்த்தார். "அம்மா ஊர்ல இல்லையா? அப்ப அவங்க வந்ததும் சொல்லுங்க" என்று போய்விட்டார். போன வாரம் வந்த நோட்டரி வக்கீலும் இதையேதான் சொன்னார். ஓனர் நான். மிஷின் என்னுடையது. ரப்பரை வைப்பது, பட்டனை அழுத்துவது, கழுவுவது, கட்டையில் ஒட்டுவது எல்லாம் நான். வருகிறவனெல்லாம் ஏன் நாற்காலியைப் பார்க்கிறான் என்று எனக்குப் புரியவில்லை.

அக்டோபர் 11, புதன்

வயர் எல்லாம் சொருகி, அந்தோணி அனுப்பிய சாஃப்ட்வேரைப் போர்டில் ஏற்றியாச்சு. மிஷினை ஆன் செய்தேன். லேசர் தலை மூலைக்குப் போய் நிற்க வேண்டும். அதற்குப் பேர் ஹோமிங். அதாவது மிஷின் தன் வீட்டுக்குப் போவது. என் மிஷின் வீட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் போய்ப் பெட்டிச் சுவரில் கடகடகடவென்று முட்டிக்கொண்டே நின்றது. பதறிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன்.

அந்தோணியைக் கூப்பிட்டேன். "மோட்டர் பிளக்கத் திருப்பிச் சொருகுங்க, இல்லன்னா மூணாம் நம்பர் செட்டிங்க மாத்துங்க. ரெண்டுல ஒண்ணு" என்றார். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று இரண்டையும் செய்தேன். மறுபடியும் அதே சுவர், அதே கடகட.

"ரெண்டையும் செஞ்சா எப்படி அண்ணாச்சி? திருப்புனத மறுபடி திருப்புனா பழைய எடத்துக்குத்தான வரும்!"

பிறகு இருபத்து மூன்றாம் நம்பர் என்று ஒன்றை மாற்றச் சொன்னார். மாற்றினேன். பிளக்கை மறுபடி திருப்பினேனா, மூன்றை மறுபடி மாற்றினேனா என்று இப்போது எனக்கே குழப்பம். எழுதி வைக்கத்தான் டைரி. வயரைப் பிடிப்பதா, பேனாவைப் பிடிப்பதா?

எப்படியோ சாயங்காலம் தலை சரியான மூலைக்குப் போய் டொக்கென்று நின்றது. மாரி இருந்தால் காட்டியிருப்பேன். இருந்தால் இந்த வேலையே இல்லை என்பது வேறு விஷயம்.

அக்டோபர் 13, வெள்ளி

"மதினி எப்ப வாராவ?" என்று அந்தோணி கேட்டார். ஆயுத பூஜைக்கு முன்னால் வந்துவிடுவாள் என்றேன். ஒவ்வொரு வருஷமும் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவது அவள்தான். "சண்டையோ?" என்றார். சண்டையெல்லாம் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். போன மாதம் முப்பதாம் தேதி ஒரு கணக்கெடுப்பு ஆள் வந்தார். சிறு தொழில் விவரம் எழுதுகிறாராம். "வேலை பாக்குறவங்க எத்தனை பேர்?" என்றார். ஒருத்தன், நான்தான் என்றேன். மாரி கம்ப்யூட்டரில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். "இவங்க?" என்று கேட்டார். "வீட்டம்மா சார். வீட்ல போரடிக்கும்னு சும்மா வந்து உக்காந்திருப்பா" என்றேன். அவர் ஒன்று என்று எழுதிக்கொண்டு போனார். மாரி சாயங்காலம் வழக்கம்போல எல்லாம் அணைத்து, எடுத்து வைத்தாள். மறுநாள் காலையில் பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

இதில் என்ன இருக்கிறது? அரசாங்கத்து ஆளிடம் ஒன்று சொன்னால் என்ன, இரண்டு சொன்னால் என்ன? சம்பளமா கொடுக்கிறேன், வேலை பார்க்கிறாள் என்று எழுத? முழங்கால் வலிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்!

புதுச் சாஃப்ட்வேரில் ஒற்றை விரலால் 'பால்ச்சாமி' என்று அடித்து, அட்டையில் விட்டுப் பார்த்தேன். எழுத்து திரும்பி விழுந்தது, ஸ்டாம்ப்பில் எப்போதும் இருக்குமே அப்படி. அந்தத் திரும்பின எழுத்து எனக்குப் படிக்க வராது. ஆனால் இருபது வருஷமாகப் பார்க்கிற முகம், தெரியாதா? உடனே ரப்பரில் வெட்டி, கழுவி, கட்டையில் ஒட்டி, மையில் ஒற்றி, இந்தப் பக்கத்திலேயே குத்தியிருக்கிறேன். 'பால்ச்சாமி.' என்ன அழகாக விழுந்திருக்கிறது!

டாங்கிள் இல்லை. ஆள் இல்லை. நான் ஒருத்தன்தான். கணக்கெடுப்பு ஆளிடம் நான் சொன்னதில் என்ன தப்பு? மாரி வந்து பார்க்கட்டும்.

அக்டோபர் 17, செவ்வாய்

ஒன்றும் புரியவில்லை. தலை வெடித்துவிடும்.

வி.ஏ.ஓ. முத்திரையை நானே முடித்து, கொண்டுபோய்க் கொடுத்து, அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவருடைய பழைய டிசைன் மாரியின் ஃபோல்டரில் இருக்கிறது. ஊர், வருஷம், தேதி எல்லாம் போட்டு ஆயிரக்கணக்கில் வரிசையாக வைத்திருக்கிறாள். திறந்தால் எழுத்தெல்லாம் தலை திரும்பிக் கிடக்கிறது! ஸ்கிரீனிலேயே! சரி, மிஷின் பார்த்துக்கொள்ளும் என்று அப்படியே விட்டேன். ரப்பரில் எழுத்து நேராக விழுந்தது. மையில் ஒற்றிக் குத்தினால் பேப்பரில் எல்லாம் திரும்பி விழுகிறது. இன்னொரு ஃபைல். அதுவும் அப்படி. பத்து ஃபைல் பார்த்தேன். பத்தும்.

நான் அடித்தது சரியாக வருகிறது, அவள் அடித்தது எல்லாம் தப்பாக வருகிறது. போகிற போக்கில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறாள்! டாங்கிளையும் எடுத்துக்கொண்டு, ஃபைலையும் கெடுத்துவிட்டு!

பதினேழு நாளில் முதல் தடவையாகப் போன் போட்டேன். எடுத்தாள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை நான்.

"ஏ மாரி, எனக்குத் தொழில் நடக்கக் கூடாதுன்னுதான ஃபைல எல்லாம் திருப்பி வெச்சிட்டுப் போயிருக்க?"

"ஸ்டாம்ப்பு ஃபைலு வேற எப்படிங்க இருக்கும்? ஒம்போது வருசமா அப்படித்தான வெக்கிறேன்."

"ஒம்போது வருசமா என்ன வெக்கிற?"

வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை.

ஒன்பது வருஷமாகத் திருப்பி வைத்திருந்தால் ஒன்பது வருஷமாக ஸ்டாம்ப் எப்படிச் சரியாக வந்தது? அவள் பேச்சிலும் அர்த்தம் இல்லை. எனக்கும் ஒரு எழவும் விளங்கவில்லை.

அக்டோபர் 18, புதன்

கடையைத் திறந்தேன். உட்கார்ந்திருந்தேன். பூட்டினேன்.

அக்டோபர் 19, வியாழன்

போர்டு வெளுத்துவிட்டது. வயர் சொருகுகிற போர்டு இல்லை, கடை வாசலில் இருக்கிற பெயர்ப் பலகை. ஆயுத பூஜைக்குப் புதிதாக மாட்டலாம் என்று தோன்றியது. மேலே கறுப்பு, செதுக்கினால் உள்ளே பொன்னிறம் வருகிற ஷீட் ஒன்று இருந்தது.

'சாமி ரப்பர் ஸ்டாம்ப்ஸ்' என்று அடித்தேன். கீழே 'உரிமையாளர்: பால்ச்சாமி' என்று அடித்தேன். இடம் காலியாகக் கிடந்தது. பார்க்க நன்றாக இல்லை. அதனால் 'உரிமையாளர்கள்: சந்தனமாரி, பால்ச்சாமி' என்று மாற்றினேன். அவள் பெயர் நீளம், இடம் நிரம்பியது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

வெட்டினேன். திரும்பி விழுந்தது. பலகை முழுக்க ஸ்டாம்ப் எழுத்து. ஒரு ஷீட் பாழ்.

அந்தோணிக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, உங்க மிஷின்ல மேல கீழ மாறிக் கெடக்கு. மேல போகச் சொன்னா கீழ போகுது. அதான் எழுத்து கண்ணாடில பாத்த மாதிரி விழுது. மூணாம் நம்பர்தான். அன்னைக்கே கொழப்பி விட்டுருக்கிய."

"ஸ்டாம்ப் சரியா வருதே?"

"ஸ்டாம்ப்புக்கு மிரர் போட்டிய இல்லா?"

"என்ன மிரர்?"

"வெளையாடுதியளா? ஸ்டாம்ப்புன்னா கம்ப்யூட்டர்ல மிரர் போட்டுத் திருப்பித்தான அனுப்பணும்? மிஷினுக்கு ஸ்டாம்ப்பு எது, பலகை எதுன்னு எப்படித் தெரியும்? அது சொன்னத வெட்டும், அம்புட்டுத்தான். நீங்க மிரர் போடல, மிஷின் தப்பாத் திருப்பிருச்சு, ரெண்டு தப்பு சேந்து ஸ்டாம்ப்பு சரியா விழுந்துருக்கு. ஒம்போது வருசமா மிரர் போட்டது யாரு அண்ணாச்சி?"

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஸ்டாம்ப் மிஷின் என்று வாங்கினோம். அது ஸ்டாம்ப்பைத் திருப்பித்தான் போடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனுடைய குணம் அது என்று. நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பி, திரும்பின எழுத்திலேயே பிழை பார்த்து, பிறகு எனக்கு அனுப்பி, நான் பட்டனை அழுத்தியிருக்கிறேன். ஒன்பது வருஷம். ஃபோல்டரில் அத்தனை ஆயிரம் ஃபைல். வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதே காது சுடுகிறது. அவளைப் போய் ஃபைலைக் கெடுத்துவிட்டாய் என்று கேட்டேனே, பாவி.

அக்டோபர் 21, சனி

பரமக்குடி போய்விட்டு வந்தேன்.

அந்தப் பாழாய்ப்போன பலகையைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். ஏன் அதைக் கொண்டு போனேன் என்று எனக்கே தெரியவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் போய் நின்றால் என்ன பேசுவது?

அத்தை இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு மூன்று படி ஏறிக்கொண்டிருந்தார். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. "வாங்க மாப்ளே" என்றார், சிரிக்காமல். மாரி உள்ளேயிருந்து வந்து தூணோடு நின்றாள். பேப்பரைப் பிரித்துப் பலகையைக் கட்டிலில் வைத்தேன். அத்தை எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே இது, கோழி கிண்டுன மாதிரி? ஒரு எழுத்தும் வெளங்கல."

மாரி அதைக் கையில் எடுக்கவில்லை. திருப்பவும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே ஒரே மூச்சில் படித்தாள். "சாமி ரப்பர் ஸ்டாம்ப்ஸ். உரிமையாளர்கள், சந்தனமாரி, பால்ச்சாமி."

என்னால் நேராக எழுதினதைக்கூட அவ்வளவு வேகத்தில் படிக்க முடியாது.

"மூணாம் நம்பர் செட்டிங் தப்பாயிருச்சு" என்றேன். "நான் சொன்னதும் தப்பு மாரி. அன்னைக்கு அந்தாள்ட்ட."

"எது தப்பு?"

"சும்மான்னு சொன்னது." கட்டிலில் கிடந்த பலகையைப் பார்த்தேன். "மிரர்னு ஒண்ணு இருக்குறதே எனக்குத் தெரியாது."

"ஒம்போது வருசமா?"

"ஒம்போது வருசமா."

"மிஷினே திருப்பிப் போட்டுக்கிரும்னு நெனச்சீங்களாக்கும்?"

"ஆமா."

அத்தை அடுப்படிக்குள் போய்ச் சிரிக்கிற சத்தம் கேட்டது. மாரி சிரிக்கவில்லை. "கடையில விளக்கேத்துறீங்களா?" என்றாள்.

"ஏத்துறேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"அப்ப டாங்கிள் கெடச்சிருக்குமே? தீப்பெட்டிக்குக் கீழதான இருக்கு. தெனமும் சாயங்காலம் கழட்டி மாடத்துலதான வெப்பேன், பத்திரமா இருக்கட்டும்னு."

எனக்குப் போன உயிர் திரும்ப வரவில்லை. மூன்று வாரம், ஒரு மூளை மாற்றம், இரண்டு கை நிறைய வயர். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்திருக்கிறது.

"வந்துரு மாரி" என்றேன். அவள் பலகையை எடுத்துப் பேப்பரில் மறுபடி சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"எனக்குப் படிக்க வந்துருச்சு. ஊருக்குப் படிக்க வரணும்ல?"

அவ்வளவுதான் சொன்னாள். காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அதே கறுப்பு ஷீட் ஒன்று கிடைத்தது, வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

தீப்பெட்டிக்குக் கீழே டாங்கிள் இருந்தது. பக்கத்தில் அன்றைக்குப் போட்ட பூ சருகாகக் கிடந்தது. திரி காய்ந்து கிடந்தது. டாங்கிளை அங்கேயே வைத்துவிட்டேன்.

மூன்றாம் நம்பரை மாற்றினேன். இந்தத் தடவை பிளக்கைத் தொடவில்லை. மாற்றியதும் தலை மறுபடி தப்பான சுவரில் முட்டியது, இருபத்து மூன்றையும் மாற்ற வேண்டும் என்று மூன்றாவது முட்டில் புரிந்தது. முதலில் அட்டையில் 'மாரி' என்று விட்டுப் பார்த்தேன். நேராக விழுந்தது. பலகையை வெட்டினேன். பிறகு அவள் ஃபோல்டரிலிருந்து வி.ஏ.ஓ. ஃபைலை எடுத்து, ஒன்றையும் தொடாமல் அப்படியே விட்டேன். ரப்பரில் திரும்பி விழுந்தது, பேப்பரில் நேராக விழுந்தது. அவள் ஃபைலில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை.

பலகையை மாட்டிவிட்டேன். மாரிக்கு ஒன்றும் அனுப்பவில்லை. அனுப்ப என்ன யோக்கியதை இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

அக்டோபர் 23, திங்கள், ஆயுத பூஜை

காலையில் இருளாயி வந்தாள். கூடையை இறக்கவில்லை, வாசலிலேயே நின்று மேலே பார்த்தாள். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை, அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்டவள். எழுத்து எழுத்தாகத்தான் படிப்பாள்.

"ச... ந்... த... ன... சந்தன... மா... ரி." நிறுத்தினாள். "ஆத்தி! நம்ம மதினி பேருல்ல! மொதல்ல போட்டிருக்கு!" அவள் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்களும் வாய்விட்டுப் படித்தார்கள்.

எனக்கு என்ன தோன்றியதோ, மாரிக்குப் போன் போட்டு, அவள் எடுத்ததும் ஒன்றும் பேசாமல் இருளாயி பக்கம் நீட்டினேன். "இன்னொரு தடவ படி" என்றேன். அவளும் கோயிலில் படிக்கிற மாதிரி குரலை உயர்த்தி, எழுத்துக்கூட்டி, உரிமையாளர்கள் என்பதில் இரண்டு தடவை இடறி, முழுவதும் படித்து முடித்தாள்.

போனைக் காதில் வைத்தேன். மறுபக்கம் பஸ் இரைச்சல் கேட்டது.

"பூவு நாலு மொழமா வாங்கி வைங்க" என்றாள் மாரி. "மிஷினுக்கும் போடணும். திருச்சுழி தாண்டிட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருளாயி பார்க்கிறாள் என்று மாடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சருகை எடுத்துப்போட்டு, எண்ணெய் ஊற்றி, புதுத் திரி வைத்து, விளக்கை நானே ஏற்றினேன். இந்தத் தடவை பொய் இல்லை. மாரி கேட்டால் இருளாயி சாட்சி சொல்வாள்.